கடலே சாலையான நாடு



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சாலையின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் செம்மண் சாலை சேறாகிவிட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். பட்டணத்திலிருந்து வரவேண்டிய கடிதம் தாமதமாகும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது தடைப்படும். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வீட்டாரின் உயிர் போய்த் திரும்பும். ஒரு வழி இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்வே தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்படி வழியில்லாமல் பல நூற்றாண்டுகள் தவித்த ஒரு நாடு, தன் கடைசி வீட்டுக்கும் எப்படி வழி அமைத்துக்கொண்டது என்பதே இன்றைய நம் உரையின் பொருள். அந்த நாடு ஐரோப்பாவின் வடமேற்குக் கரையில் உள்ள நார்வே. இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். விமானத்தில் போய் இறங்கலாம், கப்பலில் போகலாம், ரயிலில் மலை ஏறலாம், காரோடு படகில் ஏறிக் கடலைக் கடக்கலாம், மிதிவண்டியிலும் சுற்றலாம். இத்தனை வசதிகளும் உல்லாசப் பயணிகளுக்காகவா உண்டாக்கப்பட்டன? இல்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் கடிதத்துக்காகக் காத்திருந்த ஒரு தாயோ, மீன் விற்கத் தவித்த ஒரு மீனவனோ, பாறை உடைத்த ஒரு தொழிலாளியோ இருக்கிறார். அந்தக் கதையைத்தான் நாம் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் நாட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். நார்வேயின் நிலப்பரப்பு ஏறக்குறைய நம் மலேசியாவின் அளவுதான். மக்கள் தொகையோ சுமார் 55 இலட்சம் மட்டுமே. தென்முனையிலிருந்து வடமுனைவரை நேர்கோட்டில் அளந்தால் சுமார் 1,750 கிலோமீட்டர். ஆனால் அகலமோ மிகக் குறைவு. ஓரிடத்தில் கடலுக்கும் அண்டை நாடான சுவீடனின் எல்லைக்கும் இடையே 7 கிலோமீட்டர்கூட இல்லை.

பனியுகத்தில் இந்த நாடு முழுவதும் பெரும் பனிப்பாளங்களின் அடியில் கிடந்தது. அந்தப் பனிப்பாளங்கள் கடலை நோக்கி நகர்ந்தபோது மலைகளைக் கலப்பை போல உழுது ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பனி உருகியதும் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல்நீர் புகுந்தது. இப்படி மலைகளின் நடுவே நீண்டு கிடக்கும் கடற்கையை அந்த நாட்டார் 'பியோர்டு' என்கிறார்கள். இவற்றில் மிக நீளமானது சோக்ன பியோர்டு. 200 கிலோமீட்டருக்கு மேல் அது நாட்டின் உள்ளே செல்கிறது. அதன் ஆழம் 1,300 மீட்டருக்கும் அதிகம். தீவுகளையும் பியோர்டுகளையும் சேர்த்து அளந்தால் நார்வேயின் கடற்கரை 1,00,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

எதிர்க்கரையில் அண்ணன் வீட்டு அடுப்புப் புகை கண்ணுக்குத் தெரியும். ஆனால் தரைவழியே போனால் மலைகளைச் சுற்றிக்கொண்டு பல நாள் நடக்கவேண்டும். படகிருந்தால் அரை நாளில் போய்விடலாம். ஆகவே அந்த மக்களுக்குக் கடலே சாலையாயிற்று. நார்வே என்ற பெயருக்கே 'வடக்கு வழி' என்றுதான் பொருள். கடற்கரையை ஒட்டி வடக்கே செல்லும் அந்தக் கப்பல் வழியின் பெயரே நாட்டின் பெயராக நின்றுவிட்டது. இயற்கை செய்த இன்னோர் உதவியும் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலில் தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் இந்தக் கரையைத் தொட்டுச் செல்வதால், கடுங்குளிர் காலத்திலும் இங்குள்ள துறைமுகங்கள் பெரும்பாலும் உறைவதில்லை.

வைக்கிங்குகள் என்று நாம் பள்ளிப் பாடத்தில் படிக்கும் கடலோடிகள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். சுமார் 820ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அவர்களுடைய கப்பல் ஒன்று, ஓசெபெர்க் என்னும் இடத்தில் ஒரு மண்மேட்டுக்குள்ளிருந்து 1904ஆம் ஆண்டில் தோண்டி எடுக்கப்பட்டது. ஓக் மரத்தால் ஆன அந்தக் கப்பல் சுமார் 21 மீட்டர் நீளம் உடையது. அது ஓஸ்லோ நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அடுத்த பல நூற்றாண்டுகளில் அந்தக் கடல்வழியில் போனது மீன். வடக்கே லோபோடன் தீவுகளில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் 'காட்' என்னும் மீன் பெருங்கூட்டமாக வரும். மீனவர்கள் அதைப் பிடித்து, மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் உலர்த்துவார்கள். அந்தக் கருவாடு பாய்மரப் படகுகளில் தெற்கே பெர்கன் நகருக்குப் போகும். பெர்கனில் சுமார் 1360ஆம் ஆண்டு முதல் ஜெர்மானிய வணிகர் சங்கத்தார் கிடங்குகள் அமைத்துக்கொண்டு வாணிபம் செய்தார்கள். அந்த மரக்கட்டடங்கள் பலமுறை தீயில் எரிந்தும் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டப்பட்டன. 1979ஆம் ஆண்டில் அவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

இன்று பெர்கனுக்குப் போகிறவர்கள் அந்த அழகிய வீடுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒரு கடன் கணக்கு உண்டு. வடக்கே இருந்த மீனவன் தனக்கு வேண்டிய தானியத்தையும் தூண்டில் கயிற்றையும் முன்னதாகவே கடனாக வாங்குவான். அடுத்த பருவத்து மீனைக் கொடுத்து அடைப்பான். மீன் குறைந்தால் கடன் மிஞ்சும். மிஞ்சிய கடன் அவனை அதே வணிகரிடம் கட்டிப்போடும். வேறு சந்தைக்குப் போக அவனுக்கு வழியில்லை. வெளியே என்ன விலை என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கடைக் கணக்கில் சம்பளம் கரைந்துபோன கதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்களுக்கு, இந்த மீனவனின் நிலைமை நன்றாகவே விளங்கும்.

கடிதம் எப்படிப் போயிற்று? 1647ஆம் ஆண்டில் நார்வேயில் அஞ்சல் சேவை தொடங்கப்பட்டது. அப்போது அந்த நாடு டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. வழியோரத்து விவசாயிகளே தபால்காரர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் தபால் பையைச் சுமந்து அடுத்த பண்ணை வரை கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கிருந்து இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவார். மலையில் நடையும் கடலில் துடுப்புமாக அந்தப் பை கைமாறிக் கைமாறிச் செல்லும். புயலில் படகு கவிழ்ந்து உயிர்விட்ட தபால் விவசாயிகளும் உண்டு.

1827ஆம் ஆண்டில் அரசாங்கம் தபாலுக்காக இரண்டு நீராவிக் கப்பல்களை ஓடவிட்டது. ஆனால் அவை ஓடியது தென்கரையில். வடக்கின் நிலைமை மாறவில்லை. டிரோண்டெய்ம் நகரிலிருந்து வடகோடியிலுள்ள ஹாமர்பெஸ்ட் ஊருக்குக் கோடையில் ஒரு கடிதம் போய்ச்சேர மூன்று வாரம் ஆகும். குளிர்காலத்திலோ ஐந்து மாதம் வரை ஆகும். மகன் இறந்த செய்தி தாய்க்குத் தெரிய ஐந்து மாதம் என்றால், அந்த வாழ்க்கையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இதற்கு ஏன் மாற்று வழி காணவில்லை? வடக்கே குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. கரையெங்கும் பாறைகள், மறைந்திருக்கும் திட்டுகள். டிரோண்டெய்மிற்கு வடக்கே அந்தக் காலத்தில் இருந்தவை 28 கலங்கரை விளக்கங்கள்தாம். இருட்டில் அந்த வழியே கப்பல் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம் என்று கப்பல் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. அரசாங்கம் மானியம் தருவதாகச் சொல்லியும் அவை முன்வரவில்லை.

முன்வந்தவர் ஒருவர். ரிச்சர்ட் வித் என்னும் கப்பல் தலைவர். வெஸ்டரோலன் என்ற வடக்குத் தீவுப் பகுதியில் ஒரு சிறிய கம்பெனி நடத்தி வந்தவர். அவரும் ஆண்டர்ஸ் ஹோல்தே என்னும் வழிகாட்டி மாலுமியும் அந்த வழியில் போகும்போதெல்லாம் குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். எந்த இடத்தில் எந்தத் திசை, எத்தனை வேகம், எத்தனை நிமிடம், பிறகு எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தன. கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், திசைகாட்டியையும் கடிகாரத்தையும் இந்தக் குறிப்பையும் வைத்துக்கொண்டு கப்பலைச் செலுத்தலாம் என்று அவர் நம்பினார்.

1893ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் காலையில் 'வெஸ்டரோலன்' என்ற கப்பல் டிரோண்டெய்மிலிருந்து புறப்பட்டது. வழியில் பல துறைகளில் நின்று, 67 மணி நேரத்தில் ஹாமர்பெஸ்ட் போய்ச் சேர்ந்தது. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆன பயணம் மூன்று நாளுக்குள் முடிந்தது. அந்தக் கப்பல் சேவைக்கு 'ஹுர்ட்டிக்ரூட்டன்' என்று பெயர் வைத்தார்கள். 'விரைவு வழி' என்பது அதன் பொருள். முதலில் வாரம் ஒரு முறை. பிறகு கப்பல்கள் கூடின. தெற்கே பெர்கன் வரையும், வடகிழக்கே ரஷ்ய எல்லை அருகே கிர்க்கனெஸ் வரையும் வழி நீண்டது. தபால், மீன், மாவு, நோயாளி, பேறுகாலப் பெண், பள்ளிக்கூட ஆசிரியர் என்று எல்லாரும் எல்லாமும் அதில் போயின. கப்பல் சங்கு ஊதும் சத்தம் கேட்டதும் ஊரே துறைக்கு வந்து நிற்கும்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் கப்பல் பல துறைகளில் இலாபத்துக்காக நிற்கவில்லை. நாலு வீடு உள்ள ஊரானாலும் அவர்களும் நாட்டு மக்களே என்று அரசாங்கம் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்தது. அதனால் கப்பல் நின்றது. அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. 2021ஆம் ஆண்டு முதல் இரண்டு கம்பெனிகள் இந்தச் சேவையைப் பகிர்ந்து நடத்துகின்றன. பெர்கனிலிருந்து கிர்க்கனெஸ் வரை 34 துறைகளில் கப்பல் நிற்கிறது. போய்த் திரும்ப 12 நாள் பிடிக்கும். உலகப் பயணிகள் அறை எடுத்துக்கொண்டு முழு வழியும் போகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒரு துறையிலிருந்து அடுத்த துறை வரை டிக்கெட் எடுத்துப் போகிறார்கள். முழுப் பயணத்துக்குச் செலவு செய்ய இயலாத பயணியும் அப்படியே போகலாம்.

இந்தக் கப்பல்கள் பட்ட துன்பமும் கொஞ்சமல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்துக்கொண்டது. வடக்கு மக்களுக்கு வேறு வழியில்லாததால், போர் நடுவிலும் கப்பல்கள் ஓடின. அவற்றுள் பல கடலில் மூழ்கின. முதன்முதலில் வழி திறந்த 'வெஸ்டரோலன்' 1941 அக்டோபரில் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு மூழ்கியது. அதற்கு முந்திய மாதம், அந்த முன்னோடியின் பெயரையே தாங்கியிருந்த 'ரிச்சர்ட் வித்' என்ற கப்பலும் அப்படியே மூழ்கியது. மாண்டவர்கள் சாதாரணப் பயணிகளும் மாலுமிகளும்.

இனி ரயில் கதைக்கு வருவோம். ரயில் பாதையை நம் பெரியவர்கள் 'கம்பிச் சடக்கு' என்று சொல்வது வழக்கம். நார்வேயின் முதல் கம்பிச் சடக்கு 1854ஆம் ஆண்டில், இன்று ஓஸ்லோ என்று அழைக்கப்படும் தலைநகரிலிருந்து எய்ட்ஸ்வோல் வரை போடப்பட்டது. அதன் நீளம் 68 கிலோமீட்டர். ஆனால் தலைநகருக்கும் மேற்குக் கரையில் உள்ள பெர்கனுக்கும் இடையே பெரும் மலைத்தொடர் நின்றது. அதைக் கடந்து பாதை போடுவதற்கு ஆகும் செலவு, நாட்டின் ஓராண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. அப்போது நார்வே பணக்கார நாடு அல்ல. பிழைப்புத் தேடி இலட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. கடலடியில் எண்ணெய் கண்டுபிடித்து அந்த நாடு செல்வம் பெற்றதெல்லாம் 1969ஆம் ஆண்டுக்குப் பிறகுதான்.

இருந்தும் பாதை போடத் துணிந்தார்கள். வழியில் சுமார் 100 கிலோமீட்டர் மரமே வளராத மேட்டுநிலம். ஆண்டில் பாதிக்கும் மேல் பனி மூடிக் கிடக்கும். அந்த இடத்துக்குச் சாமான் கொண்டுபோகவே முதலில் ஒரு சாலை போடவேண்டியிருந்தது. கிராவ்ஹால்சன் என்னும் மலையைக் குடைந்து 5 கிலோமீட்டருக்கு மேல் ஒரு சுரங்கம். கடினமான பாறை. 1895 முதல் 1906 வரை அந்த ஒரு சுரங்கத்திலேயே பாடுபட்டார்கள். 1909ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் மன்னர் ஏழாம் ஹோக்கன் பாதையைத் திறந்துவைத்தார். இன்று ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் ரயிலில் போய்விடலாம். வழியிலுள்ள பின்செ நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இந்தப் பாதையைப் போட்டவர்களை 'ரல்லார்' என்று அந்நாட்டார் அழைத்தார்கள். ஊர் ஊராக, வேலைக்கு வேலை பெயர்ந்து திரிந்த தொழிலாளர்கள். நார்வேக்காரர்களும் சுவீடன்காரர்களும் அவர்களுள் இருந்தார்கள். நம் லயங்களைப் போன்ற நீண்ட மரக்கொட்டகைகளில் பல பேர் ஒன்றாகத் தங்கினார்கள். பெண்கள் அந்தக் கொட்டகைகளில் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, அதே குளிரில் வாழ்ந்தார்கள். பாறையில் ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்புவார். மற்றவர்கள் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். அடி ஒரு விரல் தவறினால் கை போய்விடும். துளையில் வெடிமருந்து வைத்துத் தகர்ப்பார்கள். வெடிக்காமல் மிஞ்சிய மருந்து பிறகு வெடித்து உயிர் குடித்ததும் உண்டு.

இந்தத் தொழிலாளர்கள் வாய் மூடிக்கொண்டிருக்கவில்லை. பாதை போடுகிறவர்களும் சுரங்கம் தோண்டுகிறவர்களும் முன்னின்று 1895ஆம் ஆண்டில் ஒரு தேசியத் தொழிற்சங்கத்தை உண்டாக்கினார்கள். நார்வேயின் தொழிற்சங்க இயக்கத்துக்கு அது ஒரு பெரும் தூணாக நின்றது. 1919ஆம் ஆண்டில் எட்டு மணி நேர வேலை அந்த நாட்டில் சட்டமாயிற்று. மலையைக் குடைந்த கைகளே அந்த உரிமைக்கும் வழி குடைந்தன என்று நாம் சொல்லலாம்.

பெர்கன் பாதையிலுள்ள மிர்டால் நிலையத்திலிருந்து கடற்கரையிலுள்ள புளோம் ஊருக்கு ஒரு கிளைப் பாதை இறங்குகிறது. உலகப் பயணிகள் மிகவும் விரும்பும் ரயில் இது. 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 867 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. வழியில் 20 சுரங்கங்கள். அவற்றுள் 18 சுரங்கங்கள் கைவேலையாகவே தோண்டப்பட்டவை. ஒரு மீட்டர் முன்னேற ஒரு மாதம் உழைக்கவேண்டியிருந்தது. 1920களில் தொடங்கிய வேலை 1940இல்தான் முடிந்து, முதல் ரயில் ஓடிற்று. ரல்லார் தொழிலாளர்கள் சாமான் கொண்டுபோகப் போட்ட பழைய சாலையும் வீணாகவில்லை. 'ரல்லார் சாலை' என்ற பெயரிலேயே அது இன்று புகழ்பெற்ற மிதிவண்டிப் பாதையாக விளங்குகிறது. பின்செயில் அவர்களுக்காக ஓர் அருங்காட்சியகமும் உண்டு. உழைத்தவர்களின் பெயரை வழிக்கே சூட்டி நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லா வழியும் இப்படிப் பெருமையோடு உண்டானதில்லை. வடக்கு நோக்கிச் செல்லும் ரயில் பாதையையும் சாலையையும், போர்க்காலத்தில் ஜெர்மானிய இராணுவம் கைதிகளைக் கொண்டு அவசர அவசரமாகப் போட்டது. சுமார் 1,00,000 சோவியத் போர்க்கைதிகள் நார்வேக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுள் 13,000 பேருக்கு மேல் அங்கேயே மாண்டார்கள். யுகோஸ்லாவியக் கைதிகளின் நிலைமை இன்னும் கொடுமை. ரொக்னான் என்ற ஊருக்கு அருகே அவர்கள் போட்ட சாலைக்கு 'இரத்தச் சாலை' என்றே பெயர். சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு கைதியின் சகோதரர், அவருடைய இரத்தத்தாலேயே அங்கிருந்த பாறையில் சிலுவை வரைந்தார் என்று அவ்வூரார் சொல்கிறார்கள். அந்தச் சிலுவை இன்றும் வண்ணம் மங்காமல் பேணப்படுகிறது. பல ஊர்களில் நார்வேப் பெண்களும் பிள்ளைகளும், காவலர் கண்ணில் படாமல் வழியோரத்தில் உணவுப் பொட்டலங்களை ஒளித்துவைத்துக் கைதிகளுக்கு உதவினார்கள்.

அதே 1942, 1943ஆம் ஆண்டுகளில்தான் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்களின் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. உலகின் இரு மூலைகளில் ஒரே வேளையில் ஒரே கொடுமை நடந்திருக்கிறது. நார்வேயின் அந்த வடக்குப் பாதை போருக்குப் பிறகு கூலி வாங்கும் சுதந்திரத் தொழிலாளர்களால் தொடரப்பட்டு, 1962ஆம் ஆண்டில் பூடோ நகரை எட்டியது. இன்று டிரோண்டெய்மிலிருந்து பூடோவுக்குச் சுமார் 10 மணி நேரப் பயணம். அதற்கு அப்பால் பேருந்தோ கப்பலோ விமானமோதான். நார்விக் நகருக்கு ரயில் உண்டு. ஆனால் அது சுவீடன் வழியாக வருவது. இரும்புத்தாது ஏற்றுவதற்காக 1902, 1903ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது.

வடகோடியின் மீன் ஊர்களில் தமிழ்க் குரலும் கேட்டிருக்கிறது. 1980களில் இலங்கையில் நிலைமை மோசமானபோது அங்கிருந்து வெளியேறிய தமிழர்களில் பலர் நார்வே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் வடகரையிலுள்ள மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். சூரியன் தோன்றாத மாதங்களில், முன்பின் அறியாத குளிரில் மீன் அறுத்துப் பிழைத்தார்கள். அவர்களுடைய ஊர்களையும் வெளியுலகோடு இணைத்தது அதே விரைவு வழிக் கப்பலும் சிறு விமானமும்தான்.

சிறு விமானம் என்றோம். அதன் வரலாறும் சுவையானது. 1968ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், கரையோரத்துச் சிறு ஊர்களுக்காக நான்கு குட்டி விமான நிலையங்கள் திறக்கப்பட்டன. ஓடுபாதையின் நீளம் 800 மீட்டர்தான். அந்தச் சிறிய இடத்தில் ஏறி இறங்கக்கூடிய, சுமார் 20 பேர் அமரும் விமானங்கள் ஓடின. பிறகு இத்தகைய நிலையங்கள் மேலும் பல அமைந்தன. பல வழிகளில் பயணிகள் கொடுக்கும் பணம் போதாது. மீதியை அரசாங்கம் கொடுக்கிறது. அவசர நோயாளிகளுக்கு இந்த ஓடுபாதைகள் உயிர்ப்பாதைகளாக உள்ளன.

அடுத்தது கார் சாலை. மலையைச் சுற்றமுடியாவிட்டால் குடைந்துவிடுவது, கடலைத் தாண்டமுடியாவிட்டால் அதன் அடியிலேயே போய்விடுவது என்று அந்நாட்டார் துணிந்துவிட்டார்கள். வடகிழக்கு மூலையில் வார்டோ என்று ஒரு தீவு நகரம். புயல் அடித்தால் படகு நின்றுவிடும். மக்கள் அடைபட்டுக் கிடப்பார்கள். அவர்களுக்காக 1982ஆம் ஆண்டில் கடலடியில் சுமார் 2.9 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. நார்வேயின் முதல் கடலடிச் சாலை அதுவே. 1989ஆம் ஆண்டில், மேற்குக் கரைத் தீவுகளை எட்டுப் பாலங்களால் இணைக்கும் அட்லாண்டிக் சாலை திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஆறு ஆண்டுகளில் 12 பெரும்புயல்கள் அடித்தன. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லேர்டால் சுரங்கச் சாலையின் நீளம் 24.5 கிலோமீட்டர். ஓட்டுநர் தூங்கிவிடாதிருக்க, நடுவே மூன்று இடங்களில் குகையை அகலமாக்கி நீலநிற விளக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் போகக் கட்டணம் இல்லை.

பாலமும் சுரங்கமும் இல்லாத இடங்களில் காரையும் பேருந்தையும் ஏற்றிச் செல்லும் படகுகள் இன்றும் ஓடுகின்றன. 2015ஆம் ஆண்டில் சோக்ன பியோர்டில் 'ஆம்பியர்' என்ற படகு ஓடத் தொடங்கியது. 120 கார்களை ஏற்றக்கூடிய அது மின்கலத்தால் மட்டுமே ஓடுகிறது. புகையில்லை, எண்ணெய் நாற்றமில்லை. துறையில் நிற்கும் சில நிமிடங்களில் மின்சாரம் ஏற்றிக்கொள்கிறது.

நேயர்களே, இத்தனையும் தெரிந்துகொண்டபின், அந்த நாட்டுக்குப் போகவேண்டுமானால் எப்படிப் போவது என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் உலகெங்கும் போகும் காலம் இது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உடையவர்கள் சுற்றுலாவுக்காக 90 நாள் வரை முன்விசா இல்லாமல் போகலாம். விமானம் வழியில் வேறொரு நகரில் மாறி ஓஸ்லோ போய்ச்சேரும். விமான நிலையத்திலிருந்து நகருக்குச் சுமார் 20 நிமிடத்தில் ரயில் கொண்டுபோய் விடுகிறது. ஏற்கெனவே ஐரோப்பாவில் இருப்பவர்கள் சுவீடனிலிருந்து ரயிலிலும், டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலிலும் போகலாம். இங்கிலாந்தின் நியூகாசில் துறையிலிருந்து பெர்கனுக்கு 1890இல் தொடங்கிய பயணிகள் கப்பல் 2008ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

உள்நாட்டில் முதன்முறையாகப் போகிறவருக்கு நல்ல வழி, ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயில், அங்கிருந்து வடக்கே விரைவு வழிக் கப்பல், திரும்பும்போது பூடோவிலிருந்து மறுபடியும் ரயில். முன்கூட்டியே டிக்கெட் வாங்கினால் ரயில் கட்டணம் மிகவும் குறையும். கார் ஓட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. நம் நாட்டில் இடப்பக்கம், அங்கே வலப்பக்கம். குளிர்காலத்தில் மலைச்சாலைகள் சில மூடிவிடும். ஜூன், ஜூலை மாதங்களில் வடக்கே நள்ளிரவிலும் சூரியன் தெரியும்.

போக முடிந்தவர்கள் போய்வரட்டும். போகாதவர்கள் உலகப் படத்தை விரித்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கரையைக் காட்டலாம். காட்டும்போது ஒரு கேள்வியையும் சொல்லிக்கொடுங்கள். ஒரு சாலையில் போகும்போதெல்லாம், இது யாருக்காகப் போடப்பட்டது, யார் போட்டது என்று கேட்கச் சொல்லுங்கள். நாம் தினமும் கடந்துபோகும் பாலத்துக்கும் கம்பிச் சடக்குக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். அவற்றைப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

குறைந்த மக்களும் கடுமையான இயற்கையும் கொண்ட ஒரு நாடு, தன் கடைசி வீட்டையும் கைவிடுவதில்லை என்று முடிவு செய்தது. அந்த முடிவைத் தொழிலாளியின் கை நிறைவேற்றியது. வழி கேட்டு நிற்கும் எந்த ஊருக்கும், நம் தோட்டத்து லயத்துக்கும்கூட, இந்த வரலாறு தரும் துணிவு அதுவே.